கை வழி வந்த அழைப்பு

ஹெப்சிபாவின் வலது கை மறுபடி அசையத் தொடங்கியபோது, அது அவளுக்குத் தெரியாத ஒரு மொழியில் பேச ஆரம்பித்தது.

அதை முதலில் கவனித்தவன் அவள் கணவன் ஜெயசீலன். ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பான். அவள் கண்ணயர்ந்ததும் விரல்கள் அவன் உள்ளங்கையில் எதையோ தட்டும். விரல் நுனியில் ஒரு தொடல், கணுவில் ஓர் அழுத்தம், உள்ளங்கை நடுவில் ஒரு சின்னக் கோடு, முடிவில் லேசாக ஓர் அமுக்கு. நரம்பு துடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். ஒரே வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வந்தபோது டாக்டரைக் கூப்பிட்டான்.

ஹெப்சிபா தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் வழிகாட்டி. ஆளில்லாக் கப்பல்கள் வந்த பிறகு வழிகாட்டிகள் யாரும் படகேறிக் கடலுக்குப் போவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒரு கண்ணாடி மேசை இருக்கும். அதன்மேல் அவள் விரலை ஒரு நெல்மணி அளவு நகர்த்தினால், வெளியே மலை போன்ற சரக்குக் கப்பல் ஒன்று மெல்லத் திரும்பும். அந்த வேலையில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. அந்த மேசையின் முன்னால்தான் ஒருநாள் பக்கவாதம் வந்து சரிந்தாள். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு என்றால் அப்படியே கிடந்திருப்பாள். இப்போது ஒட்டு இருக்கிறது. செத்துப்போன மூளைப் பகுதியை எடுத்துவிட்டு, விபத்தில் இறந்த யாரோ ஒருவரின் உயிருள்ள நரம்புத் திசுவை அங்கே வைத்து வளர்க்கிறார்கள். டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சனங்கள் மாமரத்துக்குச் சொல்கிற வார்த்தையையே எடுத்துக்கொண்டு ஒட்டு என்றார்கள்.

பேச்சு திரும்பிய அன்றைக்கு அவள் செய்த முதல் காரியம் ஜெபம். சிறு வயதிலிருந்தே கோயிலுக்குப் போகிறவள்தான். பாடகர் குழுவில் பாடுவாள், அறுப்பின் பண்டிகைக்கு முதல் ஆளாகக் காணிக்கை கொண்டுபோவாள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் ஆண்டவரிடம் கேட்டதே இல்லை, பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில். அன்றைக்கு நாக்கு குழறக் குழறக் கேட்டுவிட்டாள். "ஆண்டவரே, உயிர் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம். இனி உள்ள நாள் உம்முடையது. என்ன செய்யட்டும்னு சொல்லும்."

அதற்குப் பிறகுதான் விரல்கள் பேசத் தொடங்கின.

"இது நடுக்கம் இல்ல," என்றார் டாக்டர் நஸ்ரின். ஒட்டு வைத்தவர் அவர்தான். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "உங்க விரல் அசைவைப் பதிவு பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம். கண்ணும் தெரியாம காதும் கேட்காம இருக்கிறவங்ககூடப் பேசுற கைமொழி அது. அவங்க உள்ளங்கையில எழுத்து எழுத்தாத் தொட்டுப் பேசுவாங்க. உயிரெழுத்து விரல் நுனியில, மெய்யெழுத்து கணுவுல."

"இது என்ன சொல்லுது?" ஜெயசீலன் கேட்டான்.

"இருக்கேன். அந்த ஒரு வார்த்தைதான். அவங்க பக்கத்துல போனதும் முதல்ல அதைத்தான் சொல்லணுமாம். வந்துட்டேன், உன் பக்கத்துல இருக்கேன்னு தெரியணும்ல."

"இவளுக்கு அதெல்லாம் தெரியாதே டாக்டர்."

"இவங்களுக்குத் தெரியாது. ஒட்டு குடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஜெயசீலன் அவள் கையைப் பார்த்தான். டாக்டரே தொடர்ந்தார். "முன்னெல்லாம் இப்படி வரவே வராதுன்னு அடிச்சுச் சொல்லிட்டு இருந்தோம். இப்ப சொல்றதில்ல. சிலருக்கு ஒட்டோட கைப்பழக்கம் மட்டும் வருது. சிலருக்கு ஒரு நாட்டமும் சேர்ந்து வருது."

"நாட்டம்னா?" என்றாள் ஹெப்சிபா.

"அந்தக் கை எதுக்காகப் பழகுச்சோ அதைத் தேடுற ஆசை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று அது. கொஞ்ச நாளாகவே, கண்ணை மூடினால் யாரோ எங்கோ கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பதாகத் தோன்றியது. குரலாகவோ கனவாகவோ அது வரவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டவளுக்கு இருக்கிற பரபரப்பு, ஆனால் அதில் பயம் மட்டும் கிடையாது. கோயிலில் திருவிருந்து வாங்கிவிட்டு முழங்காலில் நிற்கும்போது அது கூடியது. ஜெபத்துக்கு வந்த பதில் என்றே நம்பியிருந்தாள்.

"கொடுத்தவங்க யாருன்னு..."

"சொல்லக் கூடாது. சட்டம். ஒரு பொண்ணுன்னு மட்டும்தான் எனக்கே தெரியும்." டாக்டர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "ஒரு மருந்து இருக்கு. அந்தப் பழைய பழக்கத்தை மட்டும் உலர்த்திடும். எடுத்தீங்கன்னா கை உங்க கையா ஆயிரும், மேசைக்குத் திரும்பலாம். எடுக்கலைன்னாலும் கை நல்லாத்தான் இருக்கும். சமைக்கலாம், எழுதலாம். கப்பல் ஓட்ட முடியாது. நுணுக்கமான இடத்துல அது தன் பழக்கத்துக்குப் போயிரும்."

"மருந்து எடுத்தா அந்த நாட்டம்?"

"போயிரும். போச்சேன்னு வருத்தம்கூட இருக்காது. ஆனா சீக்கிரம் முடிவு சொல்லணும். ஒட்டு முழுசாப் பிடிச்சுட்டா மருந்து கேட்காது."

துறைமுகத்திலிருந்து நல்ல செய்தி வந்திருந்த சமயம் அது. புதிய ஆழ்கடல் முனையம் திறக்கப் போகிறார்கள், தலைமை வழிகாட்டி இடத்தை ஹெப்சிபாவுக்காக வைத்திருக்கிறார்கள். அவளும் ஜெயசீலனும் கல்யாணமான நாளிலிருந்து பேசிவந்த விஷயம். மருந்து வேண்டாம், அந்தச் சனங்களிடம் போகத்தான் ஆண்டவர் கூப்பிடுகிறார் என்று அவள் சொன்னபோது ஜெயசீலன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"இதப் பேசுறது நீயா, அவளா ஹெப்சி?"

"எவ?"

"உனக்கு ஒட்டு குடுத்த புண்ணியவதி. சாகுற வரைக்கும் அந்த மாதிரி சனங்களுக்கு ஊழியம் செஞ்சிருப்பா. அவ ஆசை இப்ப உன் தலைக்குள்ள கிடக்கு. அதப் போயி நீ ஆண்டவர் கூப்பிடுதார்னு நினைக்க. ஒரு குடிகாரனோட ஒட்டு வந்திருந்தா என்ன சொல்லிருப்ப? ஆண்டவர் சாராயக் கடைக்குக் கூப்பிடுதார்னா?"

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

"நான் விளையாட்டுக்குச் சொல்லல. நீ பிழைச்சு வந்ததே பெருசு. ஆனா எந்திரிச்சு வந்தது என் பொண்டாட்டிதானான்னு எனக்குத் தெரியணும்லா."

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. கோபத்தில் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவன் பயத்தில் கேட்டான். அவளுக்கும் அதே பயம் இருந்தது.

மறுநாள் குருவானவர் பியூலாவைப் பார்க்கப் போனாள். அவர்கள் கோயில் சேகரத்துக்குப் புதிதாக வந்த பெண் குருவானவர். ஹெப்சிபாவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கோயில் பின்பக்கம் குழாயடியில் நின்று மேசை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தார். ஹெப்சிபாவும் ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தாள். பிழியப் பிழிய எல்லாவற்றையும் சொன்னாள், சாராயக் கடையையும் விடாமல்.

பியூலா சிரித்தார். "அண்ணன் நல்ல கேள்விதான் கேட்டிருக்காங்க."

"உங்களுக்கு எப்படி வந்துச்சு பாஸ்டரம்மா, அழைப்பு?"

"எங்க சித்தியால. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே என்னை ஊழியத்துக்குன்னு நேர்ந்துட்டாங்க. விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அதையேதான் காதுல ஓதுவாங்க. செமினரில சேர்ந்த பிறகுகூட, இது சித்தி ஆசையா ஆண்டவர் சித்தமான்னு குழம்பிட்டே கிடந்தேன்."

"அப்புறம்?"

"யோசிச்சுப் பார்த்தா, யாருக்குமே அது நேரா வானத்துல இருந்து வந்து விழல. ஒருத்தருக்கு அம்மா ஜெபம் வழியா வரும், ஒருத்தருக்கு ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல கிடந்தவர் வழியா வரும். வர்ற வழி மனுஷ வழியா இருக்கிறதாலயே அது ஆண்டவரோடது இல்லன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு நரம்பு வழியா வந்திருக்கு." விரிப்பை உதறிக் கொடியில் போட்டார். "அதுக்காக இது ஆண்டவர்தான்னு நான் சொல்லிட மாட்டேன் அக்கா. எனக்குத் தெரியல."

"உங்களுக்கே தெரியலன்னா நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

"போய்ப் பாருங்க. வீட்டுக்குள்ள உட்கார்ந்து யோசிச்சா ஆசையும் பெருசாகும், பயமும் பெருசாகும். அங்க போய் நின்னா உங்க மனசுக்குச் சமாதானம் இருக்கா, அங்க இருக்கிறவங்களுக்கு உங்களால பிரயோஜனம் இருக்கான்னு பாருங்க. தேரிக்காட்டுப் பக்கம் ஏலீம் இல்லம்னு ஒண்ணு இருக்கு. கண்ணும் காதும் இல்லாத பெரியவங்கதான் அங்க இருக்காங்க. அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குத் தெரியாம மட்டும் எதையும் முடிவு பண்ணாதீங்க."

ஜெயசீலன் மறுக்கவில்லை. "போவோம். பாத்துட்டாவது உன் மனசு ஆறட்டும்," என்றான். தேரிக்காடு வரைக்கும் கார் தானாகவே ஓடியது. செம்மண் பாதையில் சிக்னல் அறுந்துபோக, மீதி வழியை அவனே ஓட்டினான். இரண்டு பக்கமும் சிவந்த மணல்மேடுகள். நடுநடுவே பனைகள்.

இல்லத்தைப் பார்த்துக்கொண்டவர் வயலட் என்ற அறுபது வயதுப் பெண்மணி. பியூலா போனில் சொல்லி வைத்திருந்ததால், யாரோ உதவி செய்ய விரும்புகிறவர்கள் வருகிறார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியும். வந்தவர்களை நேரே சமையல்கட்டுக்கே கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் பெரிய தாம்பாளத்தில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை மாவு.

"இது புஷ்பம். பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயசுலயே கண்ணும் போச்சு," என்றார் வயலட். "பக்கத்துல போங்க. ஆள் வர்றது தரை அதிர்றதுலயே அவளுக்குத் தெரியும்."

புஷ்பம் நிமிர்ந்தாள். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, யாரென்று அறிய உள்ளங்கையை நீட்டினாள்.

ஹெப்சிபா யோசிக்கவேயில்லை. அவள் கை தானாகவே போய் அந்த உள்ளங்கையில் இறங்கியது. நுனி, கணு, நுனி, சின்னக் கோடு, முடிவில் லேசாக ஓர் அமுக்கு. இருக்கேன்.

புஷ்பம் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு இரண்டு கையாலும் ஹெப்சிபாவின் முகத்தைத் தடவினாள். நெற்றி, மூக்கு, காது, தலைமுடி. முகத்தில் குழப்பம் தெரிந்தது. மறுபடி கைக்கே வந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, படபடவென்று எதையோ எழுதினாள். ஹெப்சிபாவின் விரல்களுக்குப் பேசத் தெரிந்ததே தவிர, வந்ததைப் படிக்க அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன சொல்லுதாங்க அக்கா?"

வயலட் நெருங்கி வந்து அந்த விரல்களையே பார்த்தார். "உங்களைச் சுகிர்தான்னு சொல்லுதா. முகம் வேற, கை நீதான்ங்கா. இவ்வளவு நாளு எங்க போனன்னு கேக்கா."

ஜெயசீலன்தான் ஒட்டைப் பற்றி எடுத்துச் சொன்னான். வயலட் கேட்டுக்கொண்டே ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். சுகிர்தா இந்த இல்லத்தில் வேலை பார்த்த பெண். கோயம்புத்தூரில் வைத்து ரோட்டில் அடிபட்டாள். ஆஸ்பத்திரியில் வீட்டார் உறுப்புகளைத் தானம் கொடுத்தார்கள் என்பது வயலட்டுக்குத் தெரியும். மூளையிலிருந்தும் எடுப்பார்கள் என்பதுதான் தெரியாது.

"அது சுகிர்தா கைன்னு இவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்றான் ஜெயசீலன்.

"நமக்குக் குரல் மாதிரிதான் தம்பி. ஆளுக்கு ஒரு கை. சுகிர்தா ஒவ்வொரு வார்த்தை முடிவுலயும் லேசா ஒரு அமுக்கு அமுக்குவா. வேற யாருக்கும் அது கிடையாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ செத்தத நான் புஷ்பத்துட்ட சொல்லவேயில்ல. சொல்லணும் சொல்லணும்னு தள்ளிப்போட்டுட்டே வந்துட்டேன்."

அன்றைக்குச் சொன்னார். புஷ்பத்தின் இடது கையில் வயலட் எழுதிக்கொண்டு போனார். அவளுடைய வலது கை ஹெப்சிபாவின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. எழுதி முடித்ததும் புஷ்பம் அந்தக் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணீர் மாவோடு சேர்ந்து மணிக்கட்டு வரை வழிந்தது. ஹெப்சிபாவும் அழுதாள். கொடுத்தவரை நினைத்து இத்தனை நாளும் நன்றி சொல்லியிருக்கிறாள், ஜெபத்தில் ஒரு வரியாக. அந்த வரிக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு பெண் இருந்தாள், அவளை நேசித்தவர்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூவரும் வெளியே வந்து பனை நிழலில் நின்றார்கள்.

"ரொம்ப நல்லவங்களா இருந்திருக்கணும்," என்றான் ஜெயசீலன். "கோயம்புத்தூருக்கு ஏதும் வேலையாப் போன இடத்துல அடிபட்டுட்டாங்களோ?"

வயலட் இல்லையென்று தலையசைத்தார். "நல்ல பிள்ளைதான். ஆனா இங்க இருந்து போயிட்டா தம்பி. அடிபடறதுக்கு ரொம்ப முன்னாலயே போயிட்டா."

"ஏன்?"

"இங்க இருக்கிறது லேசுப்பட்ட காரியமா? ஒருநாள் வந்து உக்காந்து அழுதா. அக்கா, ஆண்டவர் என்னைத்தான் இதுக்குக் கூப்பிடுதார்னு எனக்கு நல்லாத் தெரியுது, ஆனா என்னால ஆகாதுக்கா, ஆயுசு முழுக்க இதையே செய்ய எனக்குத் தைரியம் இல்ல, நான் போறேன்னு சொன்னா. துணிக்கடை ஒண்ணுல வேலைக்குப் போயிட்டா. ஒரு தடவகூட எட்டிப் பார்க்கல. வந்தா மனசு மாறிரும்னு பயந்திருப்பா."

"உங்களுக்கு அவங்க மேல வருத்தம் இல்லையா?" ஹெப்சிபா கேட்டாள்.

"எதுக்கு? புஷ்பம் வந்தப்ப ஒரு வார்த்தை தெரியாதும்மா. கடிப்பா, அடிப்பா. இன்னைக்கு அவ பேசுற ஒவ்வொரு வார்த்தையும் சுகிர்தா போட்டது. அவளுக்காக நாங்க ஸ்தோத்திரம் சொல்லாத நாள் இல்ல."

வயலட் அடுக்களைக்குள் போய்விட்டார். ஜெயசீலன் செருப்பு நுனியால் செம்மணலைக் கிளறிக்கொண்டே நின்றான். அவன் ஒன்றை மனதுக்குள் போட்டுப் புரட்டுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஹெப்சி."

"சொல்லுங்க அத்தான்."

"அந்தப் பிள்ளையோட ஆசைதான் உன்னப் பிடிச்சு இழுக்குன்னு நினைச்சேன். அவ வேண்டாம்னுல்லா போயிருக்கா."

"ம்."

"இதே கை. இதே நரம்பு. கூப்பிட்டதும் அதுக்குக் கேட்டிருக்கு. கேட்டும் மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அப்ப இப்ப சரின்னு சொல்லுறது யாரு?"

காற்றில் பனையோலைகள் உரசிக்கொண்டன. அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"நான்தான் அத்தான். அவளுக்கு இருந்த பயம் எனக்கும் இருக்கு. ஆனாலும் நான்தான்."

தலைமை வழிகாட்டி வேலை, புது முனையத்துக் குடியிருப்பு, இத்தனை வருடப் பேச்சு எல்லாம் அவன் முகத்தில் வந்துவிட்டுப் போயின. கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கன்னத்தில் காய்ந்திருந்த மாவைத் துடைத்தான்.

"டாக்டரம்மாட்ட மருந்து வேண்டாம்னு சொல்லணும். துறைமுகத்துலயும் சொல்லணும். நானும் கூட வாரேன்," என்றான். பிறகு, "கஷ்டமாத்தான் இருக்கு எனக்கு. அதையும் நீ தெரிஞ்சுக்க," என்றான்.

"தெரியும்," என்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் எதையும் தட்டவில்லை.

அவன் கார் பக்கம் போனதும் அவள் தனியாக நின்று கண்ணை மூடினாள். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சுகிர்தாவுக்காக நன்றி சொன்னாள். அவள் வந்ததற்காகவும், முடியாமல் போனதற்காகவும் சேர்த்தே சொன்னாள். ஆண்டவர் அந்தப் பெண்ணைக் கட்டாயப்படுத்தவில்லை, வயலட் அக்காவும் அவளைச் சபிக்கவில்லை என்பதெல்லாம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தோன்றியது. தனக்கும் முடியாமல் போகிற நாட்கள் வரும். அதற்காகவும் முன்கூட்டியே ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புஷ்பம் மறுபடி மாவின் முன் உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. தரை அதிர்ந்ததும் நிமிர்ந்து, உள்ளங்கையை நீட்டாமல், ஹெப்சிபாவின் கையை இழுத்து அதில் மெதுவாக எழுதினாள்.

"அவ போயிட்டா. நீ யாருன்னு கேக்கா," என்றார் வயலட்.

ஹெப்சிபா தன் பெயரைச் சொல்லக் கையை எடுத்தாள். விரல்கள் அசையவில்லை. சுகிர்தா ஒருபோதும் எழுதியிராத பெயர் அது. கைக்குத் தெரியவில்லை.

"ஹெ எங்க வரும் அக்கா?"

"வடமொழி எழுத்தெல்லாம் மணிக்கட்டுல. நாடி பார்க்கிற இடத்துல வைங்க. அப்புறம் எ, சுண்டுவிரல் நுனி."

நாடி பார்க்கிற இடத்தில் விரலை வைத்தாள். அதன் துடிப்பு விரலில் தெரிந்தது. ஓர் எழுத்துக்கு வயலட்டிடம் கேட்டு, அடுத்ததைத் தப்பாகப் போட்டு, புஷ்பம் தலையசைக்க மறுபடி முதலிலிருந்து வந்து, எழுதப் பழகும் பிள்ளையைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரைச் சொல்லி முடித்தாள். கடைசி எழுத்துக்குப் பிறகு எந்த அமுக்கும் வரவில்லை.

புஷ்பத்தின் முகம் மெல்ல விரிந்தது. ஹெப்சிபாவின் உள்ளங்கையில் ஒவ்வோர் எழுத்தாக, அவள் பிடித்துக்கொள்ளும்படி விட்டு விட்டு எழுதினாள்.

"என்ன சொல்லுதாங்க?"

"ரொம்ப மெதுவா பேசுறியாம்," என்றார் வயலட். "பரவாயில்ல, நேரம் இருக்குங்கா."